ஊரை இழுத்த களவா

குருசடித்துறை கடலுக்குள் நகரத் தொடங்கியதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஊர்க்காரர் யாருமில்லை, காலை பஸ்ஸின் கண்டக்டர்தான். கோயில் வாசலில் வட்டமடித்துத் திரும்புகிற பஸ் அன்றைக்கு ரோடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டது; ரோட்டுக்கு அப்பால் கல்லெறி தூரத்துக்கு யாரும் மிதிக்காத புது மணல் கிடந்தது, அதற்கும் அப்பால் கோயிலும் கோயிலுக்குப் பின்னால் வீடுகளும் தென்னைகளும் கோழிகளும் காயப்போட்ட கருவாடும் எப்போதும் இருக்கிற வரிசையிலேயே இருந்தன. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "ஊர எங்கவே தள்ளி வச்சிருக்கீய?" என்று கத்தினார். மீன்கூடையோடு வந்துகொண்டிருந்த பெண்கள், "எங்கயும் போயிரல, அந்தா நிக்குல்லா, நடந்துதான வாரோம், வண்டிய எடுத்துராதீரும்" என்று பதில் கத்திக்கொண்டே கால் புதையப் புதைய வந்து ஏறினார்கள். அதற்குமேல் அதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

ஊர் நகர்ந்ததற்குக் காரணம் மதலேன் பிடித்த மீன். மதலேன் பிடித்த மீன் என்று சொல்வதா, மதலேனைப் பிடித்த மீன் என்று சொல்வதா என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது.

மதலேனின் புருஷன் ராயப்பன் அந்தக் கரையில் பேர்போன அடித்தூண்டில்காரன். வலைக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. வலையைப் போட்டால் மீன் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் இல்லை. அடித்தூண்டில்காரன் சங்கதி வேறு. அவன் கண்ணால் பார்க்காத கடல்தரையைக் கையால் பார்க்கிறவன்: ஈயக்குண்டு போய் உட்கார்ந்ததுமே கீழே இருப்பது சேறா மணலா பாறையா என்று அவன் விரல் சொல்லிவிடும், இரையின் மேல் வந்து படுப்பது திருக்கையா, ஓரத்தில் கொறிப்பது கெளுத்தியா, ஒரே உறிஞ்சாக உறிஞ்சி இழுப்பது களவாவா என்று தூண்டில் கயிறான நரம்பில் வருகிற சிறு அசைவிலேயே சொல்லிவிடும். அதிலும் களவா இருக்கிறதே, அது மற்ற மீனைப்போல் ஓடித் திரிகிற சாதி இல்லை. பாறைக்கு அடியில் தன் அளை வாசலில் எருமையாட்டம் கிடக்கும், இரை மூக்குக்கு நேரே வந்தால்தான் வாயைத் திறக்கும், விழுங்கிய கையோடு திரும்பி அளைக்குள் போய்ச் செட்டையை விரித்துச் செவுளை உப்பி இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டதென்றால் நரம்பு அறுமே தவிர மீன் வராது. ஆகையால் கடித்ததும் இழுக்கிற முதல் இரண்டு மூன்று கை இழுவைதான் களவாக்காரனின் மொத்த வித்தையும்.

அந்த இழுவைக்குத் தாங்குகிற தூண்டிலைக் கட்டியது மதலேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் அவளுக்கு வேலை. மீன் திரும்பும்போது தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்படி உள்பக்கம் வளைந்த முள், பல்லுக்கும் பாறைக்கும் தாங்குகிற கம்பி, கம்பிக்கு மேலே விரல் அறுக்கிற பருமனுக்கு நரம்பு. ஈயக்குண்டை மட்டும் ஒரு நைந்த நூலில் தொங்கவிடுவாள், குண்டு பாறையிடுக்கில் மாட்டினால் நூல் அறுந்து குண்டு போகட்டும், மீன் நிற்கட்டும் என்று. முடிச்சு ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டு இறுக்கி, பல்லால் கடித்துப் பார்த்துத்தான் தருவாள். ராயப்பன் கொண்டுவந்த களவா ஒவ்வொன்றிலும் பாதி அவளுடையது என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் அது பெரிய குறையாக இல்லை. இத்தனை முடிச்சும் எதற்காகவோ, அந்தக் கடியை ஒரே ஒரு தடவை தன் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது, அதை அவள் மாதாவிடம்கூடச் சொன்னதில்லை.

திருக்கை முள் ராயப்பனின் வலது மணிக்கட்டில் ஏறிக் கை மடங்காமல் போனபோது வள்ளத்தில் ஆள் குறைந்தது. ராயப்பனின் தம்பி மிக்கேலோடு மதலேன் போகட்டும் என்று ஊர்க் கமிட்டி அரை மனதோடு சம்மதித்தது. கமிட்டித் தலைவர் தொம்மை தானும் ஒரு காலத்தில் களவாக்காரர், நரம்பு தின்றதுபோக மிச்சமிருந்த ஆட்காட்டி விரலை நீட்டி, "இரை குத்தலாம், தண்ணி கோரலாம். நரம்பத் தொடப்பிடாது. அணியத்துல உக்காரப்பிடாது" என்று சொல்லி அனுப்பினார். வள்ளத்தின் முன்தலையான அணியம் நரம்புக்காரனின் இடம். அங்கே உட்காருகிறவன்தான் கடலடிப் பாறைத் திட்டுகளில் எந்தப் பாருக்குப் போவதென்று சொல்வான். பெரிய மீன் விழுந்தால் அவன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் எவனானாலும் ஓடிவந்து பிடிக்கவேண்டும், கூப்பிடாதவன் தொடக்கூடாது.

அப்படியிருக்க கிழவன் பாரில் அன்றைக்கு நடந்ததற்கு மிக்கேலின் பீடியைத்தான் குற்றம் சொல்லவேண்டும். "செத்த பிடி மதினி, பத்த வச்சுக்கிடுதேன்" என்று நரம்பை அவள் கையில் கொடுத்தான். அவள் அகப்பையை வாங்குவதுபோல் வலது கையில் வாங்கினாள். தீக்குச்சி உரசியதும் கீழே கடித்ததும் ஒன்றாக நடந்தன. கடி என்றால் இழுப்பில்லை, யாரோ கதவைச் சாத்தியது போன்ற ஒரு கனம். அது அவள் விரல் வழியாக ஏறி முழங்கையில் தங்கியது.

அந்தக் கரையில் முதல் கடி உணர்ந்ததும் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கம். ஆண்கள் நரம்பை இடது கையில் பிடித்து வலது கையைச் சிலுவைக்கு வைத்திருப்பார்கள். மதலேனுக்கு அது யாரும் சொல்லித்தராத சங்கதி; நரம்பைப் பிடித்த கையாலேயே நெற்றிக்குக் கொண்டுபோய், நெஞ்சுக்கு இறக்கி, தோளிலிருந்து தோளுக்குக் கொண்டுபோய் அவள் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் களவா அளைக்குள் போய் இறுகிவிட்டது. "நல்லாருக்கு போ, மீனுக்கும் சேத்துல்ல சிலுவ போட்டுட்ட!" என்று மிக்கேல் தலையில் அடித்துக்கொண்டான்.

அறுத்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் கடி எந்தக் கையில் விழுந்ததோ மீன் அந்தக் கைக்கு, அறுக்கிற உரிமையும் அந்தக் கைக்கே; மற்றவன் கத்தி வைத்தால் அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், அங்கிருந்து எடுக்கவும்மாட்டார்கள். மதலேன் அறுக்கமாட்டேன் என்றாள். பொழுது சாய்ந்தது, டீசல் குறைந்தது, பக்கத்தில் நின்ற வள்ளங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன, யாரும் அவளை வாழ்த்தவில்லை, ஆனால் மீன் பிடியை விடாமல் இருக்கும்போது நரம்பு கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது அந்தக் கடலில் கிடையாது, ஆகவே ஆளுக்கொரு சுருளாகக் கொடுத்தார்கள், அவள் சுருளோடு சுருளை எச்சில் தொட்டு முடிந்துகொண்டே வந்தாள், முடிந்த நரம்பின் முனையைக் கரைவரை கொண்டுவந்து தன் வீட்டு வாசலில் வள்ளம் இழுத்துக் கட்டுகிற பனங்கட்டையில் கட்டினாள். ஊர் லேசாக ஒரு குலுக்குக் குலுங்கியது. அடுப்பில் கஞ்சி வைத்திருந்தவர்கள் பானையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில்தான் கண்டக்டர் கத்தினார்.

அதன்பிறகு கடலில் வெள்ளம் ஏறும்போதெல்லாம் ஊர் கொஞ்சம் போயிற்று, வற்றும்போது நின்றது. எதிரே எப்போதும் போலக் கரை, கரையில் எப்போதும் போல வள்ளங்கள். பின்னால்தான் மணல் நீண்டுகொண்டே போனது, பிறகு மணலின் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது. ஊர் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் கம்பம் நட்டுக் கம்பியை நீட்டிவிட்டு, வாரம் ஒருமுறை வந்து நீட்டித் தருகிறோம், தென்னை மட்டை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு ஊரோடு கூடவே வந்தது, அதன் தண்ணீர் உப்புக் கரிக்கவே இல்லை, முன்பைவிட இனிப்பு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் ரோட்டோரம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. செத்தவர்களுக்கு மீனில் ஆசையில்லை போலும் என்று பேசிக்கொண்டு, மெழுகுதிரியை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில், குருசடித்துறைக்காரன் மீன் பிடிக்கப் போனால் வீட்டையும் கூட்டிக்கொண்டு போவான் என்று கேலி பேசினார்கள். கோயில் சாமியார், வயதில் சின்னவர், மணிக்கூண்டு நனைந்தால் யார் பொறுப்பு என்று ஒரே ஒரு தடவை கேட்டார், பிறகு அவரும் பூசைக்கு முன்னால் நரம்பு எவ்வளவு விறைப்பு என்று விசாரிக்கத் தொடங்கினார். காற்றில் அந்த நரம்பு எந்நேரமும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. தாய்மார்கள் அதைக் கேட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள்.

மதலேன் பனங்கட்டை அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். சோறாக்குவது, ராயப்பனின் கைக்கு எண்ணெய் தடவுவது, இரண்டும் போக மற்ற நேரமெல்லாம் அவள் விரல் நரம்பின்மேல் இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்று, அவ்வளவு ஆழத்தில், தன்னுடைய முடிச்சில் நிற்கிறதே என்று நினைக்கும்போது அவளுக்குப் பயமும் வந்தது, அழுகையும் வந்தது, அதைவிடப் பெரிதாய் ஒரு சந்தோஷம் வந்தது.

கமிட்டிக்குச் சந்தோஷமில்லை. கிழவன் பாருக்கு அந்தப் பக்கம் கடல் குத்துப் பள்ளம். ஈயக்குண்டு இறங்கிக்கொண்டே இருக்குமே தவிர உட்காராது. ஊர் அங்கே போய்விட்டால் எந்த நங்கூரமும் நிறுத்தாது. ஆகவே ஊரில் இருந்த நங்கூரம் முழுவதையும் பின்பக்க மணலில் புதைத்து, கோயில் சுவர், தென்னை, கிணற்றுக் கல் என்று ஊரை எங்கெங்கே கட்டமுடியுமோ அங்கெல்லாம் வடம் கட்டி, ஆண்பிள்ளைகள் முறைவைத்து ஐலசா போட்டு இழுத்தார்கள். எவ்வளவுக்கு இழுத்தார்களோ அவ்வளவுக்கு ஊர் போயிற்று.

தொம்மை ஒரு மத்தியானம் மதலேன் வாசலுக்கு வந்தார்.

"மதலேன், பஸ்ஸு ஹாரன் கேக்காத தூரத்துக்கு ஊரு போயிட்டுன்னா, பழக்கமாவது ஒண்ணாவது, நானே கத்தி வச்சிருவேன். அதுக்குள்ள நீயே அறுத்துரு. உனக்கும் மரியாத, எங்களுக்கும் மரியாத."

"அறுத்தா எனக்கு என்ன இருக்கு மாமா?"

"உனக்கென்ன? வீட்ல இரு. ராயப்பனுக்குக் கை சரியாவட்டும்."

முதல் மீனை அறுத்த கைக்கு அந்தக் கரையில் யாரும் இரண்டாவது தடவை நரம்பு கொடுப்பதில்லை. ஆண்பிள்ளைக்கே இல்லை என்றால் மதலேனுக்கு எங்கே. அவள் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். தொம்மை அவள் கண்ணைப் பார்க்காமல் போய்விட்டார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் ஊர் அதைவிடப் பெரிது.

அவர் போன சற்று நேரத்தில் வடம் இழுத்தவர்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். ஐலசா நின்றது. அப்போது மதலேனின் விரலுக்கடியில் நரம்பு ஒரு மயிரிழை தளர்ந்தது, ரீங்காரம் ஒரு சுருதி இறங்கியது. அவர்கள் கையைக் கழுவிவிட்டு எழுந்து இழுத்தார்கள், நரம்பு விறைத்தது. மறுநாள் கஞ்சி நேரத்திலும் அவள் அதையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்திருந்த ராயப்பனை உலுக்கினாள்.

"இந்தாங்க, அது நம்மள இழுக்கல."

"பொறவு ஊரு தானா நடந்து போவுதாக்கும்?"

"மொதல்ல கட்டையில விறைக்கக் கட்டுனோம், இப்ப வடம் போட்டு இழுக்கோம்லா, அதனால அது பிடிக்கி. பிடிக்கதுக்கு இன்னும் உள்ள தள்ளி உக்காருது. அது உள்ள போவப் போவ நாம அதுக்குப் பின்னால போறோம். அளைக்குள்ள போன களவாவ நீங்க என்ன செய்வீங்க?"

ராயப்பன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "என்ன செய்ய? இழுக்கக் கூடாது. நரம்பத் தளத்தி விட்டுட்டு ஒரு பீடி பத்த வைப்பேன். யாரும் பிடிக்கலன்னு நெனச்சு அதுவா வெளிய வரும்."

"அப்ப ஊரு பூராவும் பீடி பத்த வைக்கணும்" என்றாள் மதலேன்.

ராயப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வித்தைதான். ஆனால் கையால் நரம்பைப் பிடித்துப் பழகியவர்களுக்குத் தாங்களே ஒரு கையாகிப்போனோம் என்பது தட்டுப்படவில்லை.

கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். மதலேன் சொன்னதைக் கேட்டு ஆளாளுக்குக் கத்தினார்கள். தொம்மை எழுந்து நின்றார்.

"ஏம்மா, ஊர எடுத்துத் தூண்டில்ல கட்டி விடச் சொல்லுதியா?"

"கட்டியாச்சு மாமா. இப்பத் தளத்தத்தான் சொல்லுதேன்."

"பள்ளத்துக்குள்ள போயிட்டா?"

"போவாது. களவா அதோட அளைய விட்டுப் பள்ளத்துக்குப் போன கதைய நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? நீங்க பிடிக்காத களவாவா?"

தொம்மை களவாக்காரர், பொய் சொல்லத் தெரியாது என்றில்லை, களவாவைப் பற்றிப் பொய் சொல்ல வராது. நேரே நடந்துபோய்ப் பின்பக்கத்து முதல் வடத்தை அவர்தான் அவிழ்த்தார். பிறகு மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

ஊர் போன போக்கைச் சொல்லவேண்டும். இழுபட்டுப் போகவில்லை, பல்லக்கில் உட்கார்ந்தாற்போல் போயிற்று. வீடுகள் முன்னே, கோயில் பின்னே, தென்னைகள் ஒன்றும் பேசாமல், கிணறு வாளி குலுங்காமல், கோழிகள் கூரையேறி நின்று எதிர்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கரண்ட் கம்பி ஒரு தடவை நீண்டு பிறகு நாகரிகமாக அறுந்து, பஸ் ஹாரன் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் ஆகி, பெண்கள் இடுப்பில் பிள்ளையோடும் கையில் செபமாலையோடும் வாசலில் நின்று கடந்துபோகிற கடலை எதிர்வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்க்க, வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் ஊர் முழுவதும் கிழவன் பாரின் தலைக்குமேல் போய் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. நரம்பு பொத்தென்று மணலில் விழுந்தது. ரீங்காரம் நின்றுபோனதால் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டன, ஆனால் ஒன்றுகூட அழவில்லை.

மதலேன் கட்டையிலிருந்து நரம்பை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். ஊர் அவளைச் சுற்றி நின்றது. அவள் இழுக்கவில்லை. இழுக்கவேண்டும் என்று உடம்பு முழுவதும் பதறியது, ஆனாலும் இழுக்கவில்லை. காத்திருக்கிறதைவிடக் கஷ்டமான வேலை கடலில் கிடையாது, அதை அவள் அன்றைக்குச் செய்ததுபோல் யாரும் செய்து அந்தக் கரை பார்த்ததில்லை. வெகு நேரம் கழித்து, கீழே, செட்டை ஒன்று மடங்கியது. இன்னொன்று மடங்கியது. செவுள் அமர்ந்தது. ஒரு பெரிய உடம்பு தன் அளை வாசலுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, அரைக் கை தூரம் வெளியே வந்ததை அவள் விரல் பார்த்தது.

அவள் இழுத்தாள். ஒன்று, இன்னொன்று, அடுத்து ஒன்று. உள்ளங்கை பிளந்து இரத்தம் முழங்கையில் வழிந்தது. களவா அளையை விட்டு வெளியே வந்துவிட்டது, ஆனால் அதற்குமேல் ஒரு மனுஷியால் முடிகிற கனமில்லை அது. யாரும் அசையவில்லை. கூப்பிடாமல் தொடக்கூடாது.

"ராயப்பா!" என்று கத்தினாள் மதலேன். "வந்து பிடில!"

கட்டின புருஷனை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டதை அந்த ஊர் அதுவரை கேட்டதே இல்லை. ஊர் கடலில் நகர்ந்தபோது ஆச்சரியப்படாதவர்கள் எல்லாரும் அதற்கு வாயைப் பிளந்தார்கள். ராயப்பன் ஓடிவந்து மடங்காத மணிக்கட்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

"மிக்கேலு! தொம்ம! வாங்கல!"

தொம்மை ஒரு கணம் நின்றார். மாமா என்று இல்லை, தலைவரே என்றும் இல்லை, மொட்டையாகப் பேர். அணியத்திலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படிக் கூப்பிட்டவர்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க பிடிக்கணும் தாயி?"

"எனக்குப் பின்னால."

அவர் அவளுக்குப் பின்னால் பிடித்தார். அவள் பேர் பேராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக வந்து பிடித்தார்கள், சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார், ஆண்பிள்ளைகள் தீர்ந்ததும் பெண்களின் பேரைச் சொன்னாள், அவர்களும் வந்தார்கள். பாதி ஆழம் ஏறியதும் களவாவின் வயிற்றுக் காற்று உப்பத் தொடங்கியது. அதற்குமேல் அது தன் கனத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தது. மதலேனின் வாசலுக்கு நேரே கடல் புடைத்து, வழிந்து, பாசி படர்ந்த முதுகும், புள்ளிப் புள்ளியான செவுளும், கதவகலத்துக்கு ஒரு வாயும் மேலே வந்து கிடந்தன. வாயோரத்தில், எங்கே மாட்டவேண்டுமோ அங்கே, மதலேன் கட்டிய முள் மாட்டியிருந்தது. ஊர் அந்த மீனைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. ராயப்பன் எல்லாருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் அழுதான்.

மதலேன் மணலில் உட்கார்ந்து பிளந்த கையைக் கடல் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். தொம்மை அவள் அருகில் வந்து, தலையிலிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நரம்புக்காரனிடம் மட்டும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நாளைக்கு எந்தப் பாருக்குப் போறோம் தாயி?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராக இருந்தது.

"மொதல்ல ஊரக் கொண்டுபோயிக் கரையில விடுவோம் மாமா" என்றாள். "பொறவு சொல்லுதேன்."